அமெரிக்காவில் பழைய டீசல் பிக்கப் வண்டிகள்: வரலாறும் தேர்வும்

பிக்கப் என்பது முன்பக்கம் ஓட்டுநர் அறையும் பின்பக்கம் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட சிறு சரக்கு வண்டி ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் உருவான இவ்வண்டி, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடும்பங்கள் முகாம் பயணம் செல்லும் வண்டியாகவும் மாறியது. வீடு போன்ற டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலைப்பூங்காக்களுக்குச் செல்ல விரும்புவோர் பலர் டீசல் பிக்கப்பை நாடுகின்றனர். புதிய வண்டியின் விலை மிக அதிகம் என்பதால் பத்து, இருபது ஆண்டுகள் ஓடிய வண்டிகளுக்கு அங்கே பெரிய சந்தை உள்ளது.

அந்தச் சந்தையில் வாங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த நிறுவனம் என்பதல்ல, எந்தக் காலத்து எஞ்சின் என்பதே. எண்ணெய் விலை, இழுவிசைப் போட்டி, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு தலைமுறை எஞ்சினுக்கும் ஒரு வலிமையையும் ஒரு பலவீனத்தையும் கொடுத்துள்ளன. அந்த வரலாற்றையும், அது இன்றைய தேர்வை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முகாம் பயணமும் பிக்கப்பும்

ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரின் பின்பக்கம் சரக்குத் தொட்டியைப் பொருத்தி 1925-இல் விற்கத் தொடங்கியது. தொழிற்சாலையிலேயே முழுமையாகச் செய்யப்பட்ட தொடக்ககால பிக்கப்புகளில் இது முக்கியமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சாலைகள் பெருகின. மாநிலங்களை இணைக்கும் பெருவழிச்சாலைத் திட்டத்துக்கு 1956-இல் சட்டம் இயற்றப்பட்டது. விடுமுறையில் நெடுந்தூரம் செல்வது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமானது.

பிக்கப்பின் தொட்டிக்குள் சிறு அறை ஒன்றை இறக்கிவைத்துப் பயணம் செய்யும் பழக்கமும் பரவியது. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் அவ்வாறு அறை பொருத்திய ஜி.எம்.சி. பிக்கப் ஒன்றில் தன் நாயுடன் நாட்டைச் சுற்றிவந்தார். அந்த வண்டி இன்று கலிபோர்னியாவின் சலீனாஸ் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அன்றைய பிக்கப்புகள் பெட்ரோலில் ஓடின. பெட்ரோல் மலிவாக இருந்ததால் டீசலுக்குத் தேவை எழவில்லை.

எண்ணெய் நெருக்கடியும் முதல் டீசல்களும்

1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தபோது நிலை மாறியது. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. குறைந்த எரிபொருளில் அதிகத் தூரம் ஓடும் எஞ்சினை நிறுவனங்கள் தேடின. டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்று மிகுந்த அழுத்தத்தில் நெருக்கப்பட்டுச் சூடாகிறது, அதில் பீச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. அழுத்தம் கூடுதல் என்பதால் எரிபொருள் சிக்கனமும் கூடுதல். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சினின் ஒவ்வொரு பாகமும் உறுதியாக இருக்க வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1978-இல் தன் பிக்கப்பில் ஓல்ட்ஸ்மொபில் பிரிவின் 5.7 லிட்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தியது. பெட்ரோல் எஞ்சின் ஒன்றின் அமைப்பைத் தழுவி அது வடிவமைக்கப்பட்டது. எஞ்சின் உடல் வலுப்படுத்தப்பட்டாலும், மேல்மூடியான ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்டுகளின் அமைப்பு பெட்ரோல் எஞ்சினுக்குரியதாகவே இருந்தது. டீசலின் அழுத்தத்தில் போல்டுகள் நீண்டன, ஹெட் கேஸ்கட் விட்டுக்கொடுத்தது, குளிர்நீர் உள்ளே கசிந்தது. டீசலில் கலந்த நீரைப் பிரிக்கும் கருவியும் பொருத்தப்படாததால் எரிபொருள் பம்பு துருப்பிடித்தது. இந்த எஞ்சின் 1985-உடன் நிறுத்தப்பட்டது. ஆனால் டீசல் என்றாலே தொல்லை என்ற எண்ணம் அமெரிக்கர்களிடம் நெடுங்காலம் நீடித்தது.

அதே நிறுவனம் 1982-இல் டீசலுக்கென்றே வடிவமைத்த 6.2 லிட்டர் எஞ்சினை வெளியிட்டது. அதன் திறன் 130 குதிரைத்திறன், முறுக்குவிசை ஏறத்தாழ 325 நியூட்டன் மீட்டர். சிக்கனமாக ஓடினாலும் பெரிய டிரெய்லரை மலையேற்ற அது போதவில்லை. ஃபோர்டு 1983-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் 6.9 லிட்டர் எஞ்சினையும், 1988-இல் அதை விரிவாக்கிய 7.3 லிட்டர் எஞ்சினையும் பயன்படுத்தியது. இவை எளிய, மின்னணுக் கருவிகள் அற்ற எஞ்சின்கள். இவற்றில் சிலிண்டர் சுவரின் வெளிப்புறத்தில் குளிர்நீர்க் குமிழ்கள் உடைந்து உலோகத்தை அரிக்கும் குறை உண்டு. குளிர்நீரில் உரிய வேதிப்பொருளைத் தவறாமல் சேர்த்துவந்த வண்டிகளே நீண்டகாலம் நின்றன.

1989: கம்மின்ஸ் வருகை

கம்மின்ஸ் நிறுவனம் 1919-இல் இந்தியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. லாரிகளுக்கும் பண்ணை இயந்திரங்களுக்கும் எஞ்சின் செய்த அந்நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் 5.9 லிட்டர் எஞ்சினை டாட்ஜ் நிறுவனம் 1989 மாடல் ராம் பிக்கப்பில் பொருத்தியது. 160 குதிரைத்திறன் என்பது பெரிய எண் அல்ல. ஆனால் அதன் முறுக்குவிசை 542 நியூட்டன் மீட்டர். டர்போவும், டீசலை நேரடியாக எரிப்பறைக்குள் பீச்சும் முறையும் இதற்குக் காரணம்.

குதிரைத்திறன் வேகத்துக்கும், முறுக்குவிசை குறைந்த சுழற்சியிலேயே பாரத்தை நகர்த்துவதற்கும் உதவும் என்பதை வாங்குபவர்கள் அனுபவத்தில் உணர்ந்தனர். பாரமான டிரெய்லரோடு ஏற்றத்தில் எஞ்சின் அலறாமல் ஏறியது. அன்றிலிருந்து பிக்கப் நிறுவனங்களுக்கிடையே முறுக்குவிசைப் போட்டி தொடங்கியது.

1998 வரை வந்த பன்னிரண்டு வால்வு கம்மின்ஸ் எஞ்சின்கள் இன்றும் பழைய வண்டிச் சந்தையில் நல்ல விலை பெறுகின்றன. அவற்றை இயக்கக் கணினி தேவையில்லை. ஆனாலும் குறை இல்லாமல் இல்லை. எஞ்சினின் முன்பகுதியில் உள்ள சிறு ஊசி ஒன்று தளர்ந்து பல்சக்கரங்களுக்குள் விழுந்தால் எஞ்சினே உடையலாம். ஒரு சிறு தகட்டால் அதைத் தடுத்துவிடலாம் என்பதால், அந்த வேலை செய்யப்பட்டுள்ளதா என்று வாங்குபவர்கள் முதலில் கேட்கின்றனர். அக்கால டாட்ஜ் தானியங்கி கியர்பாக்ஸ்கள் எஞ்சின் அளவுக்கு உறுதியானவை அல்ல என்பதும் கவனிக்க வேண்டியது.

மின்னணுக் காலம் (1994–2007)

ஃபோர்டு 1994-இன் நடுவில் 'பவர் ஸ்ட்ரோக்' என்ற பெயரில் புதிய 7.3 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. இதில் இன்ஜெக்டர்களைக் கணினி கட்டுப்படுத்தியது. டீசலைப் பீச்சத் தேவையான அழுத்தம் எஞ்சின் ஆயிலின் அழுத்தத்திலிருந்து பெறப்பட்டது. ஆகவே ஆயிலைக் காலத்தில் மாற்றாத வண்டியில் இன்ஜெக்டரும் கெடும். கேம் ஷாஃப்டின் நிலையை உணரும் சிறு சென்சார் பழுதானால் ஓடும் வண்டி அப்படியே நின்றுவிடும். மலிவான இந்தச் சென்சாரில் ஒன்றைக் கூடுதலாக வண்டியிலேயே வைத்திருப்பது உரிமையாளர்களின் வழக்கம். இவற்றைத் தவிர்த்தால் இந்த எஞ்சின் நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்றது.

கம்மின்ஸ் எஞ்சின் 1998-இன் நடுவில் இருபத்துநான்கு வால்வுகளுக்கு மாறியது. அதில் வந்த வி.பி.44 என்ற மின்னணு பம்பு, தன் வழியே ஓடும் டீசலாலேயே குளிர்விக்கப்பட்டது. தொட்டியிலிருந்து டீசலை அனுப்பும் சிறிய பம்பு தளர்ந்தால் விலை உயர்ந்த வி.பி.44 பம்பும் சேர்ந்து போகும். 2003-இல் வந்த பொதுக்குழாய் முறை இந்தச் சிக்கலை நீக்கியது. இம்முறையில் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்த டீசல் தயாராக இருக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ், ஜப்பானின் இசுசூ நிறுவனத்துடன் சேர்ந்து 2001-இல் 6.6 லிட்டர் 'டூராமேக்ஸ்' எஞ்சினை வெளியிட்டது. 300 குதிரைத்திறனும் 705 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்ட இதனுடன் லாரிகளில் புகழ்பெற்ற அலிசன் கியர்பாக்ஸ் இணைக்கப்பட்டது. 2001 முதல் 2004 வரையிலான வண்டிகளில் இன்ஜெக்டர்கள் பழுதாகின. அவை வால்வு மூடிக்கு அடியில் இருந்ததால் பாகத்தின் விலையோடு கூலியும் ஏறியது. நிறுவனம் அவற்றுக்கான உத்தரவாதத்தை 7 ஆண்டு அல்லது 2,00,000 மைல் என்று நீட்டித்தது. 2006–2007-இல் வந்த வடிவம் இக்குறைகள் நீங்கியது, துகள் வடிகட்டியும் இல்லாதது. அதனால் அதற்கு இன்றும் தேவை அதிகம்.

இதே காலத்தில் ஃபோர்டு 7.3 லிட்டர் எஞ்சினைக் கைவிட்டு 2003-இல் 6.0 லிட்டர் எஞ்சினுக்கு மாறியது. புகை விதிகளுக்காக, வெளியேறும் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு அதில் இருந்தது. ஆயில் குளிர்விப்பான் அடைபட்டால் புகைக் குளிர்விப்பானுக்குப் போதிய குளிர்நீர் செல்லாமல் அது வெடிக்கும். அதைத் தொடர்ந்து ஹெட் போல்டுகள் நீண்டு கேஸ்கட்டும் போகும். உத்தரவாதச் செலவை யார் ஏற்பது என்பதில் ஃபோர்டும், எஞ்சினைச் செய்த நேவிஸ்டார் நிறுவனமும் 2007-இல் நீதிமன்றம் சென்று 2009-இல் சமரசம் செய்துகொண்டன. இந்த எஞ்சின் கொண்ட வண்டிகள் இன்று மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். குறைகள் அனைத்தும் சரிசெய்யப்பட்டதற்கான ரசீதுகள் இருந்தால் மட்டுமே அந்த மலிவு விலை உண்மையில் மலிவு.

புகைச் சட்டங்களும் புதிய பாகங்களும்

டீசல் புகையில் உள்ள கரித்துகள்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுரையீரலைப் பாதிப்பவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டீசலில் உள்ள கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 15 பங்காகக் குறைக்கும் விதியை 2006 முதல் நடைமுறைப்படுத்தியது. 2007 மாடல் எஞ்சின்களின் கரித்துகள் அளவு முன்னைய வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. இதற்காகப் புகைக்குழாயில் துகள் வடிகட்டி வந்தது. நைட்ரஜன் ஆக்சைடுக்கான கடும் வரம்பு 2010-இல் முழுமை பெற்றபோது, புகையில் யூரியா கரைசலைத் தெளிக்கும் முறை பரவியது.

துகள் வடிகட்டியில் கரி சேர்ந்ததும் அதை உயர் வெப்பத்தில் எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இதற்காகச் சில எஞ்சின்கள் கூடுதல் டீசலை சிலிண்டருக்குள்ளேயே பீச்சின. அதில் ஒரு பகுதி ஆயிலில் கலந்து ஆயிலை நீர்க்கச் செய்தது. 2008–2010 ஃபோர்டு 6.4 லிட்டர் எஞ்சினில் இது பெருங்குறையாகப் பேசப்பட்டது. அதில் பல வேலைகளுக்கு ஓட்டுநர் அறையையே தூக்கி எடுக்க வேண்டியிருந்தது. அடிக்கடி குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் வடிகட்டி வேகமாக அடைபடும். பாரம் இழுத்து நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் புகை நன்கு சூடாவதால் வடிகட்டி தானாகவே சுத்தமாகும். ஆகவே கடைக்குப் போக மட்டும் பயன்பட்ட குறைந்த மைல் வண்டியைவிட, டிரெய்லர் இழுத்த அதிக மைல் வண்டியின் வடிகட்டி நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

2011-இல் ஃபோர்டு தானே வடிவமைத்த 6.7 லிட்டர் எஞ்சினுக்கு மாறியது. ஃபோர்டின் இந்த எஞ்சினிலும் 2011–2016 டூராமேக்ஸ் எஞ்சினிலும் சி.பி.4 வகை உயர் அழுத்த பம்பு பொருத்தப்பட்டது. டீசலே இதற்கு மசகு எண்ணெய். நீரோ அழுக்கோ கலந்தால் பம்பு தேய்ந்து உலோகப் பொடியை எரிபொருள் அமைப்பு முழுவதும் அனுப்பும். பழுது பார்க்கப் பல ஆயிரம் டாலர் ஆகும். 2019–2020 ராம் வண்டிகளிலும் இப்பம்பு வந்தது. 2021-இல் அவ்வண்டிகள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

இந்தத் தொல்லைகளுக்குப் பயந்து பலர் வடிகட்டியையும் யூரியா அமைப்பையும் கழற்றிவிட்டனர். அதற்கு முந்தைய பத்தாண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இவ்வாறு செய்யப்பட்டதாக முகமை 2020-இல் மதிப்பிட்டது. இது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கலிபோர்னியாவில் 1998 முதலான டீசல் பிக்கப்புகளுக்குப் புகைச் சோதனை உண்டு. பாகங்கள் கழற்றப்பட்ட வண்டி அதில் தேறாது. நிறுவனங்களும் விலக்கல்ல. சுமார் 6,30,000 ராம் பிக்கப்புகளில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக எழுந்த வழக்கில், 167.5 கோடி டாலர் அபராதம் செலுத்த கம்மின்ஸ் 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

இறக்கமும் பிரேக்கும்

டிரெய்லர் இழுப்பதில் ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931-இல் டீசல் லாரி ஒன்றில் நாட்டைக் குறுக்காகக் கடந்தபோது, கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் சூடேறிச் செயலிழந்தது. கீழே ரயில் பாதையைக் கடந்துகொண்டிருந்த ரயிலின் கடைசிப் பெட்டி விலகிய நொடிகளில் லாரி அதைத் தாண்டியது. டீசல் எஞ்சினில் காற்றைத் தடுக்கும் மூடி இல்லாததால், பெட்ரோல் எஞ்சினைப் போல் அது இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. இதை உணர்ந்த அவர் பிற்காலத்தில் எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தும் கருவியை உருவாக்கினார். ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-இல் அதை லாரிகளுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பிக்கப்புகளில் இதைவிட எளிய முறை பயன்படுகிறது. புகை வெளியேறும் வழியைக் குறுக்கி எஞ்சினுக்கு எதிர்ப்பைக் கூட்டுவதே புகைப் பிரேக். 2007-இன் நடுவில் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸில் இது டர்போவுடன் இணைந்து தொழிற்சாலையிலேயே வந்தது. ஃபோர்டிலும் டூராமேக்ஸிலும் 2011-இல் வந்தது. அதற்கு முந்தைய வண்டியை வாங்குபவர் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். மலைப்பகுதியில் முகாமிடும் குடும்பத்துக்கு இது ஆடம்பரம் அல்ல.

எடைக் கணக்கு

முறுக்குவிசைப் போட்டி 1982-இன் 325-இலிருந்து 2023-இல் ஃபோர்டின் 1,627 நியூட்டன் மீட்டர் வரை சென்றது. ஆனால் சட்டகம், ஸ்பிரிங், டயர், அச்சு ஆகியவை தாங்கும் எடை அதே வேகத்தில் கூடவில்லை. வாங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

பல முக்கால் டன் பிக்கப்புகளின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,536 கிலோ. நான்கு கதவும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட டீசல் வண்டியின் சொந்த எடையே 3,450 கிலோவை நெருங்கும் என்று கொள்வோம். மீதி சுமார் 1,080 கிலோ. தொட்டியின் நடுவில் இணைக்கப்படும் ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் எடையில் 15 முதல் 25 விழுக்காடு பிக்கப்பின் மேல் அமரும். 5,440 கிலோ டிரெய்லரில் 20 விழுக்காடு என்றால் 1,088 கிலோ. ஒருவர்கூட ஏறும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது. எஞ்சினோ இந்த டிரெய்லரைச் சிரமமின்றி இழுக்கும். பின்புறப் பந்து இணைப்பில் பூட்டும் டிரெய்லரில் 10 முதல் 15 விழுக்காடு மட்டுமே வண்டியின் மேல் அமரும். தொட்டிக்குள் இறக்கிவைக்கும் முகாம் அறை முழு எடையையும் வண்டியின் மேலேயே வைக்கும்.

எனவே வாங்குபவர் முதலில் டிரெய்லரைத் தீர்மானித்து, அதன் எடையிலிருந்து வண்டியை நோக்கி வருவதே முறை. ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள வில்லையில் அந்த வண்டிக்குரிய வரம்புகள் இருக்கும். பெரிய ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு ஒரு டன் வண்டியும், பின்னால் நான்கு டயர்கள் கொண்ட வகையும் பொருந்தும். சிறிய டிரெய்லருக்கு டீசலே தேவைப்படாமலும் போகலாம். டீசல் எஞ்சின் கனமானது என்பதால், அதே மாதிரி பெட்ரோல் வண்டி சில நேரம் கூடுதல் பாரத்தை ஏற்கும்.

வாங்கும் முன் சோதனை

எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது முதல் முறை இயக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் கிளம்பும் சிரமம் தெரியாது. ஓடும் எஞ்சினின் ஆயில் மூடியைத் திறந்தால் பலமாகப் புகை வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. குளிர்நீர்த் தொட்டியில் எண்ணெய்ப் படலமும், குழாய்கள் கல்போல் இறுகுவதும் ஹெட் கேஸ்கட் பழுதின் அடையாளங்கள். கணினிக் கருவியை இணைத்து ஒவ்வொரு இன்ஜெக்டரின் சமநிலையையும், வடிகட்டியின் கரி அளவையும் பார்க்கலாம். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் டீசலோ குளிர்நீரோ கலந்திருப்பது தெரியும்.

பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநில வண்டிகளின் சட்டகத்தையும் பிரேக் குழாய்களையும் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை மாற்றலாம், துருப்பிடித்த சட்டகத்தை மாற்றுவது அரிது. கூடுதல் சக்திக்காகக் கணினி நிரலை மாற்றிய வண்டியின் கியர்பாக்ஸும் கேஸ்கட்டும் அதிக அழுத்தத்தைத் தாங்கியவை. கடைசியாகப் பார்க்க வேண்டியது ரசீதுகள். எந்தத் தலைமுறை எஞ்சினுக்கு எது பழுதாகும் என்பது இன்று தெரிந்த செய்தி. அந்தப் பழுது இந்த வண்டியில் நீக்கப்பட்டதா என்பதை ரசீதுகளே சொல்லும்.

மதிப்பீடு

2006-க்கு முந்தைய எளிய எஞ்சின்கள் பழுது பார்க்க மலிவானவை. ஆனால் அவற்றின் பிரேக், கியர்பாக்ஸ், விபத்துப் பாதுகாப்பு ஆகியவை அக்காலத்தவை, புகையும் அதிகம். 2007–2010 வண்டிகள் புதிய சட்டத்துக்கு அவசரமாக இணங்கிய இடைக்காலத்தவை, மிகுந்த கவனத்துடன் வாங்க வேண்டியவை. பின்னர் வந்தவை வலிமையும் தூய்மையும் கொண்டவை, பழுது வந்தால் செலவு மிகுந்தவை. தேய்மானத்துக்கும் முதற்பழுதுக்கும் என ஒரு தொகையை விலையோடு சேர்த்து ஒதுக்கிவைப்பவருக்கு மூன்று காலத்திலும் நல்ல வண்டி கிடைக்கும். கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடுபவருக்கு, எந்த நிறுவனத்தின் வண்டியானாலும், முதல் பெரும்பழுதோடு பயணம் நின்றுவிடும்.